ஞாயிற்றுக்கிழமை தாமதமாக எழும் ஊற்று

பிப்ரவரி 2

புரொபசர் அம்மாவுக்கு,

இங்கே வெயில் சௌக்கியம், நானும் ஏதோ இருக்கிறேன். அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதை முதலில் எழுது.

போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறோம், அதனால் இனிமேல் கடிதம்தான் என்று நீ சட்டம் போட்டுவிட்டாய். சரி, கடிதத்தில் எனக்கும் ஒரு சௌகரியம் உண்டு. நீ குறுக்கே பேச முடியாது. போன தடவை நான், "உன் ஆராய்ச்சியால ஒரு குவளைத் தண்ணியாவது வந்திருக்கா?" என்று கேட்டது தப்புதான். வாய் முந்திவிட்டது. நீ பல்கலைக்கழக வேலைக்கென்று நகரத்துக்குப் போனதிலிருந்து தானே சமைத்துத் தானே தின்கிறவனுக்கு வாயாவது கொஞ்சம் நீளக் கூடாதா? அதற்காக நீ போனை வைத்த வேகத்தில் என் காது இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

போன விடுமுறைக்கு வந்தபோது கொல்லைக் கதவுக்குப் பின்னால், மலைச்சரிவில் ஈரமானி என்று ஒரு குச்சியை நட்டுவிட்டுப் போனாயே, அது நன்றாக இருக்கிறது. "பத்திரமா பாத்துக்கோங்க" என்று சொன்னாய். கல்யாணமான நாளிலிருந்து நீ என்னை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அது. சுற்றிலும் மண் வெடித்துக் கிடக்கிறது, பார்க்கவே பாவமாக இருந்தது. அதனால் தினமும் காலையில் காய்கறி அலசிய தண்ணீரை ஒரு பெரிய குவளையில் பிடித்து அதன் காலடியில் ஊற்றிவிட்டுத்தான் கண்ணாடிக் கடைக்குப் போகிறேன்.

பக்கத்து வீட்டு பேக்கரிக்காரருக்குப் பார்வை மோசமாகிவிட்டது. ஊருக்கே கண்ணாடி மாட்டிவிடுகிறவன் பக்கத்து வீட்டில் இருக்கிறேன், போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார். நேற்று என்னை என் அக்கா என்று நினைத்து நலம் விசாரித்தார். நானும் அக்கா சார்பில் நலம் என்று சொல்லிவிட்டேன்.

உன் ஸ்வெட்டர் அலமாரியிலேயே இருக்கிறது. அனுப்பட்டுமா?

இப்படிக்கு,
உன் கண்ணாடிக்காரர்

*

பிப்ரவரி 11

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறேன். ஸ்வெட்டர் வேண்டாம், கோடை தொடங்கப் போகிறது.

இங்கே மூச்சுவிட நேரமில்லை. எங்கள் துறைத் தலைவருக்குத் திடீரென்று ஞானம் வந்துவிட்டது. "ஆராய்ச்சி அலமாரியில தூங்கக் கூடாது, மக்கள்கிட்ட போகணும்" என்கிறார். அதனால் வறட்சி, தண்ணீர், காட்டுத்தீ மூன்றையும் ஒரே துண்டுப் பிரசுரத்தில் அடைத்து ஊர் ஊராகப் போய்க் கொடுக்கிறோம். படம் போட்டவர் தீயை ரொம்ப அழகாகச் சிரிக்க வைத்துவிட்டார். ஒரு ஊரில் அதைச் சமையலறையில் அடுப்புக்கு மேலே அலங்காரமாக ஒட்டியிருக்கிறார்கள்.

நிஜமான வேலை வரைபடம்தான். சரிவுக்கு ஒன்றாக நட்டிருக்கும் ஈரமானிகள் மண்ணின் ஈரத்தைக் கால் மணிக்கு ஒரு தடவை என் கணினிக்கு அனுப்புகின்றன. வறண்ட சரிவுக்குச் சிவப்பு, ஈரமான சரிவுக்குப் பச்சை. சிவப்புச் சரிவுகளில் வனத்துறை புல்லையும் புதரையும் வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடும். வெட்டுவதற்கு ஆள் இருப்பதோ ஒரே ஒரு குழு. அதனால் பச்சைப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நம் வீட்டுப் பின்சரிவு இன்னும் எந்த நிறம் என்று முடிவாகவில்லை. காலையில் பல் தேய்க்கும் முன்பே அந்தக் கிராஃபைத்தான் பார்க்கிறேன்.

உங்கள் கடிதம் நீளம். நேரம் கிடைக்கும்போது முழுதாகப் படிக்கிறேன்.

அன்புடன்,
நான்

*

பிப்ரவரி 25

புரொபசர் அம்மாவுக்கு,

அடுப்பங்கரைக் குழாய் ஒழுகுகிறது, சரிசெய்ய எந்தக் குறடு என்று எழுது. நீதான் அதை எங்கேயோ வைத்தாய்.

அக்காவுக்கு மூட்டுவலி என்று ஆள் விட்டார்கள். ஒரு வாரம் அங்கே போய் இருந்துவிட்டு வந்தேன். வலியெல்லாம் ஒன்றும் பெரிதில்லை, பேச ஆள் வேண்டியிருந்தது. "உன் பொண்டாட்டி மண்ணைப் பாக்கப் போயிட்டா, உன்னை யாரு பாக்கறா?" என்று காலை மாலை இருவேளையும் கேட்டார். நான் உனக்காகப் பரிந்து பேசினேன் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

எனக்கு அங்கே இருப்பே கொள்ளவில்லை. குச்சிக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லையே என்ற கவலைதான். திரும்பி வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கொல்லைக்கு ஓடினேன். காய்ந்து கருவாடாக நின்றது. வெயிலும் ஏறிவிட்டதா, அதனால் இப்போதெல்லாம் இரண்டு குவளை ஊற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் தாமதமாகும், கடை இல்லாததால் எழவே ஒன்பதாகிவிடுகிறது. குச்சி கோபித்துக்கொள்வதில்லை. உன்னைவிட அதற்குப் பொறுமை அதிகம். சுற்றிலும் பசும்புல் முளைத்திருக்கிறது, நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய்.

நீ எப்போது வருவாய்? இதை மட்டும் கடைசி வரியில் கேட்கிறேன், கண்ணில் படட்டும்.

உன் கண்ணாடிக்காரர்

*

மார்ச் 7

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

குறடு மாடிப்படிக்குக் கீழே, பழைய பெயிண்ட் டப்பாவில் இருக்கிறது. இப்போதைக்கு வர முடியாது. ஏன் என்று சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நம் வீட்டுப் பின்சரிவில் ஊற்று இருக்கிறது!

எல்லாச் சரிவிலும் கிராஃபின் கோடு கீழே இறங்குகிறது. நம் சரிவில் மட்டும் தினமும் காலை ஏழரை மணிக்கு ஈரம் எழுகிறது, மாலைக்குள் மெல்ல அடங்குகிறது, மறுநாள் மறுபடி எழுகிறது. பூமிக்கு அடியில் ஏதோ மூச்சுவிடுகிற மாதிரி. பிப்ரவரி நடுவில் ஒரு வாரம் சுத்தமாக உறங்கிவிட்டது. எனக்குத் தூக்கமே வரவில்லை. பிறகு எழுந்தது பாருங்கள், முன்பைவிட இரண்டு மடங்கு! வெயில் ஏற ஏற ஊற்று பெருகுகிறது. இப்படி ஒன்றை எங்கள் துறையில் யாரும் பார்த்ததில்லை.

ஒரே ஒரு புதிர். ஞாயிற்றுக்கிழமைகளில் அது தாமதமாக எழுகிறது. ஒன்பதுக்கு மேல்தான். ஊரில் அன்று மோட்டார்கள் ஓடாததால் நிலத்தடி அழுத்தம் மாறுகிறதா என்று நாங்கள் நாலு பேர் ஒரு முழு மதியம் விவாதித்தோம். துறைத் தலைவர், "இயற்கைக்கும் ஓய்வு வேணும்யா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வரைபடத்தில் நம் சரிவுக்குப் பச்சை போட்டாயிற்று. மாதக் கடைசியில் வனத்துறைக்குப் போகும். அதற்கு முன் நம் ஊர் மன்றத்தில் மக்கள் கூட்டம், என் சக ஆசிரியர் படம் போட்டு விளக்குவார். போய் முன்வரிசையில் உட்காருங்கள். ஒரு குவளைத் தண்ணீராவது வந்ததா என்று கேட்டீர்களே, ஊற்றே வந்திருக்கிறது.

அன்புடனும் கொஞ்சம் கர்வத்துடனும்,
நான்

*

மார்ச் 16

புரொபசர் அம்மாவுக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், நீ அதைத்தான் படிப்பாய்: அந்த ஊற்று நான்தான்.

உன் கடிதம் வந்ததும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நம் கொல்லையில் ஊற்று என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பேக்கரிக்காரர் அன்றைக்கே "ஊற்று நீர் ரொட்டி" என்று பலகை எழுதி மாட்டிவிட்டார், தலைகீழாக. கூட்டத்துக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். உன் சக ஆசிரியர் சுவரில் பெரிய கிராஃபைக் காட்டினார். கோடு தினமும் ஏழரைக்கு ஏறியது. நான் கடைக்குக் கிளம்பும் நேரம். என்னடா இது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிறகு, "இந்த வாரம் ஊற்று உறங்கியது" என்று குச்சியால் தொட்டுக் காட்டினார். அது நான் அக்கா வீட்டில் இருந்த வாரம்.

அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. சுவர் முழுக்க நானே ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் தூங்குவதை முந்நூறு பேர் பார்த்தார்கள். எனக்கு ஜலதோஷம் வந்து இரண்டு நாள் அரைக் குவளையோடு நிறுத்தியதுகூட அதில் இருந்தது. அதற்கு அவர் வேறு ஏதோ காரணம் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டித் தொலைத்தேன்.

நீ நட்ட குச்சி வாடக் கூடாது என்று தினமும் தண்ணீர் ஊற்றினேன். அது மண்ணைச் சோதிக்கிற குச்சி, ஊற்றக் கூடாது என்று என் மண்டைக்கு எட்டவில்லை. கண்ணைச் சோதிக்கிற பலகைக்கே பார்வை வரட்டும் என்று யாராவது அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார்களா? நான் இருந்திருக்கிறேன்.

உடனே போன் செய்தேன். மூன்று தடவையும் எடுக்கவில்லை, "கூட்டத்தில் இருக்கிறேன், கடிதம் எழுதுங்கள்" என்று செய்தி வந்தது. எழுதுகிறேன். சரிவு எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது. பச்சை என்று போனால் வனத்துறை வராது. நம் தெரு முழுக்க அந்தச் சரிவை ஒட்டித்தான் இருக்கிறது. மானம் போனால் போகட்டும், நிறத்தை மாற்று.

உன் கண்ணாடிக்காரர்

*

மார்ச் 19

உங்கள் கடிதம் கிடைத்தது.

அறிவித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. பத்திரிகையில் என் படத்தோடு வந்துவிட்டது. நான் நகரத்துக்கு வந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். ஒரு குவளைத் தண்ணீர் வந்ததா என்று கேட்டுவிட்டு, அந்தக் குவளையாலேயே என் வேலைக்கு முடிவு கட்டிவிட்டீர்கள். ஒரே ஒரு கேள்வி. வேண்டுமென்றே செய்தீர்களா?

அப்படி இல்லையென்றால், தினமும் ஊற்றுவதாக ஒரு தடவையாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே.

*

மார்ச் 22

புரொபசர் அம்மாவுக்கு,

சொன்னேன். எல்லாக் கடிதத்திலும் சொன்னேன். நடுவில்.

என் கடையில் சிலர் வருவார்கள். பலகையில் மேலே இருக்கும் பெரிய எழுத்தைப் படித்துவிட்டு, பார்வை சரியாக இருக்கிறது என்று எழுந்து போய்விடுவார்கள். நீ என் கடிதத்தை அப்படித்தான் படிக்கிறாய். எனக்குத் தெரியும், தெரிந்துதான் எழுதினேன். நீ படிக்காவிட்டாலும் எழுதும்போது உன்னோடு பேசுகிற மாதிரி இருக்கும்.

வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்டுவிட்டாயே. மனசு விட்டுப்போய்விட்டது. குச்சிக்கு ஊற்றுவதை நிறுத்திவிட்டேன்.

என்மேல் ஆயுசுக்கும் கோபமாக இரு. நிறத்தை மட்டும் மாற்றிவிடு. பேக்கரிக்காரர் தப்பி ஓடுகிற ஆள்கூட இல்லை, தீ எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியாது.

கண்ணாடிக்காரர்

*

மார்ச் 30

என் அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

இன்று காலை பிப்ரவரிக் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒரு வரி விடாமல் படித்தேன். ஒரு குவளை. அக்கா வீடு. இரண்டு குவளை. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி. எங்கள் துறையே தலையைப் பிய்த்துக்கொண்ட புதிர்களுக்கெல்லாம் விடை உங்கள் கோணல் கையெழுத்தில் என் மேசையில் கிடந்திருக்கிறது. சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு பசித்தது.

படித்துவிட்டுத்தான் திருத்தினேன் என்று நினைக்காதீர்கள். மார்ச் 20 அன்றே நிறத்தை மாற்றிவிட்டேன். உங்கள்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் சரிவு காய்ந்திருக்கிறது என்று நீங்கள் சொன்னால் காய்ந்துதான் இருக்கும். வனத்துறைக் குழு புதன்கிழமை அங்கே வரும்.

துறைத் தலைவர் அறைக்குப் போய், "ஊற்று இல்ல சார், அது என் வீட்டுக்காரர்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு, "தினமுமா ஊத்தினாரு?" என்று கேட்டார். "ஞாயித்துக்கிழமை மட்டும் லேட்டா" என்றேன். "அப்ப இயற்கைக்கு ஓய்வுன்னு நான் சொன்னது சரிதான்" என்றார். மனிதர் எங்கும் தோற்பதில்லை.

இங்கே பல்கலைக்கழகத்தில் மொத்தத் துறைக்கும் முன்னால் எழுந்து நின்று என் வாயாலேயே தவறு என்று சொன்னேன். ஒரே சிரிப்பு. காது மடலெல்லாம் எரிந்தது. பத்திரிகையிலும் திருத்தம் வந்தது, கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். இரண்டு மாதமாக ஊர் ஊராகப் போய் நான் பேசிக்கொண்டே இருந்தேன். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் எனக்கு ஒருவர் சொன்னதும் நினைவில்லை. உங்களிடமும் அதையேதான் செய்திருக்கிறேன்.

வேண்டுமென்றே செய்தீர்களா என்று கேட்டேன் அல்லவா? அதை எழுதிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள்.

உங்கள்,
நான்

*

ஏப்ரல் 18

புரொபசர் அம்மாவுக்கு,

எல்லோரும் நலம். இதை முதலில் படி, பிறகு மீதியைப் படி.

நேற்று மதியம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தீ வந்துவிட்டது. கடையில் ஒரு அம்மாவுக்குக் கண் சோதித்துக்கொண்டிருந்தேன். எல்லா எழுத்தும் மங்கலாக இருக்கிறது என்றார், பிறகுதான் புகை என்று புரிந்தது. வீட்டுக்கு ஓடினேன். சரிவின் மேல்பாதி சிவந்து சடசடவென்று வந்துகொண்டிருந்தது. பயந்துபோனேன் என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை. எதை எடுப்பது என்று தெரியாமல் ஒன்றை அள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். பார்த்தால் உன் ஸ்வெட்டர். அந்த அனலில் ஸ்வெட்டரைக் கட்டிக்கொண்டு நின்றவன் நான் ஒருவன்தான்.

வனத்துறை வெட்டியிருந்த கோட்டுக்கு வந்ததும் தீ நின்றது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அலைந்து பார்த்தது. தின்பதற்கு ஒன்றும் இல்லாமல் அடங்கிப்போனது. அதற்குள் தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. தெருவில் ஒரு சன்னல்கூடக் கருகவில்லை. "மேப்பை மாத்துனது யாரு?" என்று தீயணைப்பு அதிகாரி கேட்டார். என் சம்சாரம் என்றேன். ஏன் மாற்றினாள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பேக்கரிக்காரர் கடைசியில் கண்ணாடி வாங்கிக்கொண்டார். மாட்டியதும் முதலில் மலையைப் பார்த்தார், பாதி கறுப்பு. அடுத்து தன் பலகையைப் பார்த்தார். இவ்வளவு நாளும் தலைகீழாகவா தொங்கியது, யாரும் சொல்லவில்லையே என்று என்னோடு சண்டை.

குச்சி கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்ததால் பிழைத்தது. காலடியில் புல் காய்ந்துவிட்டது. நான் ஊற்றவில்லை, சத்தியம்.

உன் கண்ணாடிக்காரர்

*

ஏப்ரல் 28

என் அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே மூன்று தடவை படித்தேன், நடுவையும் சேர்த்து. ஸ்வெட்டரை உள்ளே வையுங்கள், கோடை முடியட்டும். மே இறுதியில் வருகிறேன். இந்தத் தடவை ஒரு மாதம் இருப்பேன்.

நீங்கள் ஊற்றவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டாம், எனக்குத் தெரியும். மார்ச் 22லிருந்து கிராஃபில் அந்தக் கோடு தட்டையாகக் கிடக்கிறது. ஆராய்ச்சிக்கு அது நல்லது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. இரண்டு மாதமாகப் பல் தேய்க்கும் முன்பு நான் பார்த்துக்கொண்டிருந்தது நீங்கள் எழுந்துவிட்டீர்களா என்பதைத்தான். தெரியாமலே பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வாரம் கோடு எழாதபோது எனக்குத் தூக்கம் போனது ஊற்றுக்காக என்று நினைத்தேன். இப்போது காலையில் கணினியைத் திறந்தால் வீட்டில் யாரும் இல்லாத மாதிரி இருக்கிறது.

நம் சரிவில் தள்ளி வேறு இடத்தில் புது ஈரமானி வைக்க எங்கள் ஆட்கள் வருவார்கள். தயவுசெய்து அதன் பக்கம் குவளையோடு போகாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். பழைய குச்சியை ஆராய்ச்சியிலிருந்து எடுத்தாயிற்று. பிடுங்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டேன். அது அனுப்புவது இனி என் கணினிக்கு மட்டும்தான் வரும், வேறு யாரும் பார்ப்பதில்லை.

உங்கள்,
நான்

*

மே 4

புரொபசர் அம்மாவுக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆனாலும் ஏழரைக்கே எழுந்து ஊற்றிவிட்டேன்.

பார்த்திருப்பாய்.

உன் கண்ணாடிக்காரர்